கிளாரினெட் வகைகள்: எது எப்படி, யாருக்கு எது பொருந்தும்?

பொதுவாகக் கிளாரினெட் என்றால் பி ஃபிளாட் கிளாரினெட்டைத்தான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் வாங்கலாம் என்று பட்டியலைப் புரட்டினால் இ ஃபிளாட், சி, ஏ, ஆல்டோ, பாஸ், போம், ஊலர், ஆல்பர்ட் என்று பெயர்கள் வரிசை கட்டி நிற்கும். பயப்பட வேண்டாம். இத்தனை பெயர்களும் மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடும்: கருவி எந்தச் சுருதியில் கட்டப்பட்டது, கீ (துளைகளைத் திறந்து மூடும் உலோக நெம்பு) அமைப்பு எது, எந்தப் பொருளில் செய்தது. முதல் கேள்விதான் முக்கியம். இரண்டாவது கேள்விக்கான பதில், யாரிடம் கற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மூன்றாவதைப் பற்றித்தான் ஆட்கள் மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். அதற்கு அவ்வளவு தகுதி கிடையாது.

படி 1: எல்லா வகைக்கும் பொதுவானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்

நாதஸ்வரத்துச் சீவாளியில் இரண்டு இதழ்கள் ஒன்றோடொன்று அதிரும். கிளாரினெட்டில் ஒரே ஒரு ரீட் (நாணல் தகடு), மவுத்பீஸ் என்ற வாய்முனையின் விளிம்போடு அதிர்கிறது. உள்துளை பெரும்பகுதி ஒரே அகலத்தில் நேராக ஓடுகிறது. பெல் என்ற அடிமுனைப் பக்கம் வரும்போதுதான் விரிகிறது. இந்த இரண்டும் சேர்ந்தால், குழாய் ஒரு முனை அடைத்ததுபோல் நடந்துகொள்ளும். அதனால்தான் கிளாரினெட் தன் நீளத்துக்கு மீறிக் கீழே இறங்குகிறது. சாதாரண ஆர்கெஸ்ட்ரா புல்லாங்குழல் சுமார் 67 செ.மீ. நீளம், அதன் அடி சுரம் 262 ஹெர்ட்ஸ். கிட்டத்தட்ட அதே நீளமுள்ள பி ஃபிளாட் கிளாரினெட்டின் அடி சுரம் 147 ஹெர்ட்ஸ்.

இதன் இன்னொரு விளைவை விரலிலேயே பார்க்கலாம். இடது கைக் கட்டைவிரலையும் முதல் மூன்று விரல்களையும் மூடி ஊதினால் எழுத்தில் சி என்று குறிக்கப்படும் சுரம் வரும். விரல்களை அசைக்காமல் கட்டைவிரலின் நுனியால் ரெஜிஸ்டர் கீயை மட்டும் தொட்டால், அது மேல் ஸ்தாயி சி-க்குப் போகாது. அதையும் தாண்டி மேலே உள்ள ஜி-க்குப் போய் நிற்கும். அதாவது ஒரு ஸ்தாயியும் ஒரு பஞ்சமமும். புல்லாங்குழலும் சாக்ஸபோனும் ஒரு ஸ்தாயிதான் தாவும். இந்தப் பெரிய இடைவெளியை நிரப்புவதற்குத்தான் கிளாரினெட்டில் இவ்வளவு கீக்கள். 1700-ஐ ஒட்டி நியூரம்பெர்க்கில் ஜோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் இதை உருவாக்கியதாகச் சொல்வார்கள். அதற்கு முன்பு இருந்த ஷாலுமோ என்ற கருவியின் பெயர் இன்றும் கிளாரினெட்டின் அடிப்பகுதி ஓசைக்கு வழங்குகிறது.

மிகச் சின்னது முதல் மிகப் பெரியது வரை எல்லாக் கிளாரினெட்டுகளிலும் விரல் வைக்கும் முறை ஏறக்குறைய ஒன்றே. ஒன்றைக் கற்றவர் மற்றதை எடுத்த அன்றே மெட்டு வாசித்துவிடலாம். நன்றாக வாசிப்பது வேறு கதை.

படி 2: சுருதிப் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கருவியின் பெயரில் இருக்கும் எழுத்து எதைக் காட்டுகிறது? வாசிப்பவர் தாளில் சி என்று எழுதியிருப்பதை ஊதினால் உண்மையில் காதில் விழும் சுரம் அது. பி ஃபிளாட் கருவியில் சி ஊதினால் பி ஃபிளாட், அதாவது நம் கணக்கில் ஆறரைக் கட்டை கேட்கும். ஏ கருவியில் ஆறு கட்டை. இ ஃபிளாட் கருவியில் இரண்டரைக் கட்டை. சி கருவியில் மட்டும் எழுதியதும் கேட்பதும் ஒன்று.

நடைமுறையில் இது இப்படி உதவும். பாடகர் இரண்டரைக் கட்டையில் பாடுகிறார், உங்கள் கையில் பி ஃபிளாட் கிளாரினெட் இருக்கிறது என்றால், உங்கள் ஷட்ஜம் எழுத்தில் எஃப். ஒரு கட்டைக்குப் பாடினால் உங்கள் ஷட்ஜம் டி. பி ஃபிளாட் கருவியில் எழுதியது கேட்பதைவிட எப்போதும் இரண்டு செமிடோன் (அரைச் சுர இடைவெளி) மேலே இருக்கும் என்று நினைவில் வைத்தால் போதும்.

ஒரே எழுத்து இரண்டு கருவிகளுக்கு வரும் என்பதில் மட்டும் கவனம். சின்னக் குச்சி போன்ற இ ஃபிளாட்டும் இருக்கிறது, ஆல்டோ இ ஃபிளாட்டும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு ஸ்தாயி வித்தியாசம். பாஸ் கிளாரினெட்டும் பி ஃபிளாட்தான்.

படி 3: பி ஃபிளாட்டையும் ஏ-யையும் அருகருகே வைத்துப் பாருங்கள்

மவுத்பீஸோடு சேர்த்து அளந்தால் பி ஃபிளாட் சுமார் 66 செ.மீ., ஏ சுமார் 70 செ.மீ. தூரத்திலிருந்து பார்த்தால் எது எதுவென்று தெரியாது. இரண்டுக்கும் ஒரே மவுத்பீஸ், ஒரே ரீட். ஓசையில் ஏ கொஞ்சம் அடர்த்தியாக, பளபளப்புக் குறைந்து இருக்கும் என்பார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாது. ஊதுபவருக்குத் தெரியும், ஏனென்றால் ஏ-யில் மூச்சுக்கு ஒரு துளி எதிர்ப்பு அதிகம்.

அப்படியானால் ஒரு செமிடோன் வித்தியாசத்துக்காக எதற்கு இரண்டு கருவி? விரலுக்காக. மொத்த ஆர்கெஸ்ட்ராவும் இ மேஜரில் வாசிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு அது எஃப் ஷார்ப் மேஜர் ஆகிவிடும், 6 ஷார்ப், அதாவது ஆறு சுரங்களை அரைச் சுரம் ஏற்றி வாசிக்க வேண்டும், விரலுக்குத் தொல்லை. ஏ கிளாரினெட்டுக்கு அதே இசை ஜி மேஜர், ஒரே ஒரு ஷார்ப். எதிர்ப்பக்கமாக, இ ஃபிளாட் மேஜரில் வந்தால் பி ஃபிளாட் கருவிக்கு ஒரே ஒரு ஃபிளாட், ஏ-க்கு 6 ஃபிளாட். ஆகவே ஆர்கெஸ்ட்ராவில் உட்காருபவர் இரண்டையும் ஸ்டாண்டில் நிறுத்திவைத்திருப்பார். இசையின் நடுவே கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் ஈர ரீட்டோடு மவுத்பீஸைக் கழற்றி அடுத்ததில் செருகிவிடுவார். இதில் ஒரு சங்கடம்: இவ்வளவு நேரம் சும்மா நின்ற கருவி குளிர்ந்திருக்கும், குளிர்ந்த கருவியில் சுருதி இறங்கும். அனுபவசாலிகள் ஓய்வு நேரத்தில் அதற்குள் சத்தமில்லாமல் சூடான மூச்சை விட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

கற்க ஆரம்பிப்பவர், பேண்டில் வாசிப்பவர், ஜாஸ் வாசிப்பவர், மெல்லிசைக்குழுவில் இருப்பவர் யாருக்கும் ஏ தேவையில்லை. மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவோ, சின்னக் குழுக்கள் வாசிக்கும் சேம்பர் இசையோ என்றால் தவிர்க்க முடியாது.

ஏ-க்கு ஒரு அண்ணன் உண்டு: பாசெட் கிளாரினெட். சாதாரண ஏ, எழுத்தில் இ வரை இறங்கும். இது இன்னும் 4 செமிடோன் நீண்டு சி வரை போகும். ஆன்டன் ஸ்டாட்லர் என்ற வாசிப்பாளர் இப்படி ஒரு கருவி வைத்திருந்தார். மொசார்ட் 1791-இல் எழுதிய கிளாரினெட் கான்சர்ட்டோ அதற்காகத்தான் எழுதப்பட்டது. கையெழுத்துப் பிரதி கிடைக்கவில்லை. அச்சில் வந்தபோது அடிச் சுரங்களை மேலே தூக்கிச் சாதாரணக் கருவிக்கு ஏற்ப மாற்றிவிட்டார்கள். மெட்டு கீழே போகப்போக நடுவில் திடீரென்று மேலே குதிப்பது உங்களுக்கும் உறுத்தியிருந்தால், காரணம் இதுதான்.

படி 4: சின்னக் கிளாரினெட்டுகள்

இ ஃபிளாட் கிளாரினெட் சுமார் 49 செ.மீ. அதன் அடி சுரம் வயலினின் நான்காவது தந்தியின் ஜி. மேலே போனால் ஓசை ஊசிபோல் குத்தும், அந்தக் குத்தலுக்காகவே அதைக் கூப்பிடுகிறார்கள். பெர்லியோஸ் 1830-இல் தன் ஃபான்டாஸ்டிக் சிம்பொனியின் கடைசிப் பகுதியில், காதலியின் மெட்டைச் சூனியக்காரிகளின் கூத்தில் கேலியாக்க இதைத்தான் தேர்ந்தெடுத்தார். பேண்டுகளில் புல்லாங்குழல்களோடு சேர்ந்து மேல் வரியை வாசிக்கும்.

குழாய் சின்னதாக இருப்பதால் துளைகள் நெருக்கமாக இருக்கும். தடித்த விரல்காரர்களுக்கு எரிச்சல். சுருதியும் எளிதில் வழுக்கும். உதட்டில் ஒரு நூல் அழுத்தம் கூடினாலும் சுரம் மேலே ஏறிவிடும். 'சின்னதுதானே, குழந்தைக்குச் சரியாக இருக்கும்' என்று இதை வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. வேண்டாம். பெரிய கிளாரினெட்டில் உதடு பழகியவர்களுக்கே இது அடங்கும்.

சி கிளாரினெட் ஒருகாலத்தில் ஆர்கெஸ்ட்ராவில் சகஜம். இப்போது அதற்கு எழுதியவற்றைப் பெரும்பாலும் பி ஃபிளாட்டிலேயே மனதுக்குள் மாற்றி வாசித்துவிடுகிறார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கிளெஸ்மர் இசையில் இதற்கு இன்னும் மதிப்பு உண்டு. டி கிளாரினெட்டை இன்று பார்ப்பதே அரிது. அதற்கு எழுதியவற்றை இ ஃபிளாட்டில் வாசிக்கிறார்கள். இவற்றைவிடச் சின்ன ஏ ஃபிளாட் பிக்கோலோவும் இருக்கிறது. பெரிய பேண்டுகளிலும் கிளாரினெட் குழுக்களிலும் எப்போதாவது தலைகாட்டும், அவ்வளவுதான்.

படி 5: பெரிய கிளாரினெட்டுகள்

முதலில் ஜி கிளாரினெட். பி ஃபிளாட்டைவிட 3 செமிடோன் கீழே, நேரான குழாயாகவே இருக்கும். துருக்கி, கிரேக்கம், பால்கன் பகுதிகளின் இசையில் உருகி வழுக்கி ஓடும் அந்தக் கிளாரினெட் ஓசையில் இதற்குப் பெரிய பங்கு. பெரும்பாலும் ஆல்பர்ட் என்ற கீ முறையில் (படி 6-இல் வருகிறது) இருக்கும், உலோகத்தில் செய்தவையும் நிறைய. சுரங்களுக்கு நடுவே சறுக்கி வாசிப்பதை விரும்பும் எவருக்கும் இது ஒரு நல்ல கருவி.

பாசெட் ஹார்ன் எஃப் சுருதி. ஹார்ன் என்று பெயர் இருந்தாலும் இதுவும் கிளாரினெட்தான். உள்துளை குறுகலாக இருப்பதால் ஓசையில் ஒரு மங்கல், ஒரு சோகம். மொசார்ட் தன் ரெக்வியம் என்ற இரங்கல் இசையில் வழக்கமான கிளாரினெட்டுகளை ஒதுக்கிவிட்டு இரண்டு பாசெட் ஹார்ன்களை வைத்தார். ஆல்டோ கிளாரினெட் இ ஃபிளாட். சுருதியில் பாசெட் ஹார்னுக்கு இரண்டு செமிடோன் கீழே. பேண்டுகளுக்கென்றே வளர்ந்த கருவி. பல பேண்டு இசைகளில் ஆல்டோவுக்கு எழுதியதை வேறொரு கருவியும் வாசித்துக்கொண்டிருக்கும். சொந்தப் பணத்தில் ஆல்டோ வாங்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

பாஸ் கிளாரினெட்தான் இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். வளைந்த உலோகக் கழுத்து, மேல்நோக்கித் திரும்பிய உலோக பெல், தரையில் ஊன்ற ஒரு கால். 1838-இல் அடோல்ஃப் சாக்ஸ், சாக்ஸபோனுக்குப் பெயர் கொடுத்த அதே ஆள், இதன் நவீன வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1892-இல் வந்த சைக்கோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' பாலேயில் சர்க்கரைத் தேவதையின் நடனத்தில், மேலே செலஸ்டா என்ற கீபோர்டு மணிமணியாக ஒலிக்க, அடியில் படிப்படியாக இறங்கும் அந்த வழவழப்பான ஓசை பாஸ் கிளாரினெட்தான். 1960-களின் ஜாஸில் எரிக் டால்ஃபி இதைத் தனிக் கருவியாகவே நிமிர்த்திக் காட்டினார்.

வாங்குபவர் முடிவு செய்ய வேண்டியது, எழுத்தில் இ ஃபிளாட் வரை இறங்கும் மாடலா, சி வரை இறங்கும் மாடலா என்பதே. சி மாடல் காதுக்கு 58 ஹெர்ட்ஸ் வரை போகும். வலது கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் கூடுதல் கீக்கள் இருக்கும். எடையும் விலையும் ஒரு படி மேலே. ஆர்கெஸ்ட்ராவுக்கும் நவீன இசைக்கும் சி மாடல். பேண்டுக்கு இ ஃபிளாட் மாடல் தாராளம்.

ஊதும் முறையில் ஒரே பெரிய மாற்றம், கடிக்கக் கூடாது. பி ஃபிளாட்டிலிருந்து வருபவர்கள் பழக்கதோஷத்தில் தாடையை இறுக்குவார்கள், கருவி உடனே கிறீச்சிடும். உதட்டைத் தளர்த்தி, மவுத்பீஸைக் கொஞ்சம் கூடுதலாக வாய்க்குள் எடுத்து, மூச்சை அகலமாக விட்டால் தானாக அமைந்துவிடும். மேல் ரெஜிஸ்டர் வசப்படக் காலம் எடுக்கும்.

இன்னும் கீழே போனால் கான்ட்ரா ஆல்டோ, கான்ட்ராபாஸ். பின்னதில் எழுத்தின் சி வரை இறங்கும் கருவிகள் 29 ஹெர்ட்ஸைத் தொடும். பியானோவின் இடது ஓரத்தில் இரண்டாவது கட்டை அது. சுரமாகக் கேட்பதைவிட அதிர்வாக உணர்வதே அதிகம். சில மாடல்கள் உலோகக் குழாயைக் காகித கிளிப் மாதிரி மடித்துச் செய்தவை.

படி 6: கீ அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்

உலகின் பெரும்பகுதியில் இன்று புழங்குவது போம் முறை. புல்லாங்குழலுக்காக தியோபால்ட் போம் கையாண்ட வளையக் கீ (துளையைச் சுற்றி வளையம் உள்ள கீ) யோசனையை எடுத்து, ஹியாசிந்த் க்ளோசே என்ற வாசிப்பாளரும் பாரிஸ் கருவிச் சிற்பி லூயி ஆகஸ்ட் புஃபேயும் 1839-ஐ ஒட்டிக் கிளாரினெட்டில் பொருத்தினார்கள். 17 கீ, 6 வளையம் என்பது இதன் வழக்கமான வடிவம். பெரிய சௌகரியம் சுண்டுவிரல்களில் இருக்கிறது: அடிச் சுரங்கள் பலவற்றுக்கு இடது வலது இரண்டு பக்கமும் கீ உண்டு. ஒரு சுண்டுவிரல் வேறு வேலையாக இருந்தால் மற்றது வாசித்துவிடும்.

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் வேறு மரபு. இவான் முல்லர் 1812-ஐ ஒட்டி உருவாக்கிய 13 கீ கிளாரினெட்டிலிருந்து வளர்ந்து, பெர்லினின் ஆஸ்கர் ஊலர் கையில் மெருகேறியது ஊலர் முறை. சுண்டுவிரலுக்கு மாற்றுக் கீ குறைவு. பதிலாகக் கீக்களின் ஓரத்தில் சின்ன உருளைகள் இருக்கும், விரல் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு உருண்டு போகும். மவுத்பீஸும் ரீட்டும் குறுகல். ரீட்டைப் பிடித்துவைக்கும் லிகச்சர் என்ற பட்டைக்குப் பதில் ரீட்டை நூலால் சுற்றிக் கட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆல்பர்ட் முறை, முல்லர் கருவியின் எளிமையான இன்னொரு வாரிசு. பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த யூஜீன் ஆல்பர்ட்டின் பெயரால் வழங்குவது. ஆரம்பகால நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் வாசிப்பாளர்கள் பலர் கையில் இருந்தது இதுதான். திறந்த துளைகள் அதிகம் என்பதால் விரலை மெல்ல நகர்த்திச் சுரத்தை இழுப்பது, கமகம் போல வளைப்பது சுகமாக வரும். வேகமான ஷார்ப்-ஃபிளாட் ஓட்டங்களில் விரல் திணறும்.

எது சிறந்தது என்று கேட்டால், உங்கள் ஆசிரியர் வாசிப்பது எதுவோ அது. முறை மாற்றிக்கொள்வது என்றால் விரல்களை மறுபடி பள்ளிக்கு அனுப்புவது மாதிரிதான்.

படி 7: மரமா, பிளாஸ்டிக்கா

நல்ல கிளாரினெட்டுகள் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கருமரத்தில் செய்யப்படுகின்றன; கடைக்காரர்கள் கிரனடில்லா என்பார்கள். நீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தி. கடைசல் துல்லியமாக நிற்கும், அதனால்தான் இந்த மரம். ஆனால் குளிர்ந்த மரத்துக்குள் ஈரச் சூட்டை ஊதினால் வெடிக்கலாம். புதிய மரக் கருவியை முதல் சில வாரங்கள் ஒரு நாளைக்கு 15-20 நிமிடத்துக்கு மேல் ஊதாமல் பழக்க வேண்டும்.

மாணவர் கருவிகள் ஏபிஎஸ் பிளாஸ்டிக். வெயில், மழை, பள்ளிப்பை எல்லாவற்றையும் தாங்கும். திறந்தவெளியில் வாசிப்பவர்கள் தயங்காமல் இதை எடுக்கலாம். எபோனைட் என்ற கடின ரப்பர் நடுவே வரும்; வெயிலில் கிடந்தால் பழுப்பேறும். மரத்தூளைக் கார்பன் இழையோடு சேர்த்து அழுத்திச் செய்த கருவிகளும் வந்துவிட்டன, வெடிக்கும் பயம் கிடையாது.

ஓசை? குழாய்ச் சுவரின் பொருளால் வரும் வித்தியாசம் மிகச் சிறிது. உள்துளையின் வடிவம், துளைகளை உள்பக்கம் எப்படிக் குடைந்திருக்கிறார்கள், கீக்களின் அடியில் உள்ள மெத்தைகளான பேடுகள் எவ்வளவு அடைக்கின்றன, மவுத்பீஸ் எப்படி என்பவைதான் ஓசையைத் தீர்மானிக்கின்றன. மரக் கருவி நன்றாக ஒலிப்பதற்கு முக்கியக் காரணம், மரத்தில் செய்யும்போது மற்ற வேலைகளையும் அக்கறையாகச் செய்கிறார்கள் என்பதே.

படி 8: மவுத்பீஸும் ரீட்டும்

மலிவான கருவியில் நல்ல மவுத்பீஸ் போட்டால் கருவியே மாறியதுபோல் இருக்கும். முதலில் இதில் செலவழியுங்கள். நுனிக்கும் ரீட்டுக்கும் இடையே உள்ள திறப்பு, பி ஃபிளாட் மவுத்பீஸ்களில் பெரும்பாலும் 1 மி.மீ. முதல் 1.2 மி.மீ. வரை. திறப்பு குறைந்தால் கெட்டி ரீட், அதிகமானால் மெல்லிய ரீட். தொடங்குபவருக்கு நடுத்தரத் திறப்போடு 2 அல்லது 2½ எண் ரீட் போதும். எண் கூடினால் திறமை கூடியதாக அர்த்தமில்லை.

இ ஃபிளாட், பாஸ், கான்ட்ரா ஆகியவற்றுக்குத் தனித்தனி அளவில் ரீட். பாஸுக்கு டெனர் சாக்ஸபோன் ரீட்டையே போட்டு வாசிப்பவர்கள் பலர்; நன்றாகவே வேலை செய்கிறது.

படி 9: கையில் எடுத்துச் சோதியுங்கள்

பழைய கருவி என்றால் முதலில் அது எந்தச் சுருதி என்று உறுதி செய்யுங்கள். ட்யூனர் செயலியைத் திறந்துவைத்து, படி 1-இல் சொன்ன கட்டைவிரல் - மூன்று விரல் சி-யை ஊதுங்கள். பி ஃபிளாட் என்று காட்டினால் சரி. ஏ என்று காட்டினால் அது ஏ கிளாரினெட். விற்பவருக்கே தெரியாமல் இருப்பது சகஜம். பி ஃபிளாட்டுக்கும் பி-க்கும் நடுவே எங்கோ நின்றால் இன்னொன்றைப் பாருங்கள்: நூறு வருடத்துக்கு முந்தைய கருவிகள் சில, இன்றைய 440-க்குப் பதில் ஏ சுரத்தை 452 ஹெர்ட்ஸுக்கு வைத்துக் கட்டியவை. உடம்பில் 'எச் பி' என்று முத்திரை இருக்கலாம். மவுத்பீஸுக்குக் கீழே உள்ள பேரல் என்ற சின்னத் துண்டை எவ்வளவு வெளியே இழுத்தாலும் மற்றவர்களோடு சேராது. அலமாரியில் வைக்கத்தான் ஆகும்.

அடுத்து காற்றுக் கசிவு. மேல் பாகத்தை மட்டும் எடுத்து, துளைகளை இடது கை விரல்களால் மூடி, கீழ் முனையை வலது உள்ளங்கையால் அடைத்து, மேலிருந்து காற்றை உறிஞ்சுங்கள். உறிஞ்சல் ஓரிரு விநாடி நின்று, கையை எடுக்கும்போது 'பொக்' என்று சத்தம் வந்தால் பேடுகள் நன்றாக இருக்கின்றன. உடனே இளகிவிட்டால் பேடு மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துப் பேரம் பேசுங்கள். மரம் என்றால் மேல் பாகத்துத் துளைகளைச் சுற்றி மயிரிழைக் கோடுகள் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

பிறகு ஊதிப் பார்ப்பது. பத்து நிமிடம் சூடேற்றிவிட்டு, அடி சுரம் ஒன்று, அதையே ரெஜிஸ்டர் கீயோடு மேலே ஒன்று, இப்படி ஜோடி ஜோடியாக ட்யூனரில் பாருங்கள். கொஞ்சம் விலகல் எல்லாக் கருவியிலும் இருக்கும், ஜோடிக்கு ஜோடி தாறுமாறாக இருந்தால்தான் பிரச்சினை. ரெஜிஸ்டர் மாறுவதற்குச் சற்று முன்பு வரும் தொண்டைச் சுரங்களில், எழுத்தில் பி ஃபிளாட் என்பதைக் கேளுங்கள். ரெஜிஸ்டர் துளையே அங்கே சுரத் துளையாகவும் உழைப்பதால் அது எந்தக் கிளாரினெட்டிலும் கொஞ்சம் சோகையாகத்தான் வரும். எவ்வளவு குறைவாகச் சோகையாக இருக்கிறது என்பதில் நல்ல கருவி தெரிந்துவிடும். கடைசியாக ஒரே சுரத்தை மெல்ல ஆரம்பித்துப் பலமாக்குங்கள். பலம் கூடக்கூடச் சுருதி லேசாக இறங்கும், அது கிளாரினெட்டின் குணம். வேறு வேறு மாடல்களை ஒப்பிடும்போது உங்கள் மவுத்பீஸையும் ஒரே ரீட்டையும் எல்லாவற்றிலும் மாட்டிச் சோதியுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது கருவிகளை அல்ல, மவுத்பீஸ்களை.